சத்தம் போட்டுக் காட்டுங்க

காரைக்குடியில் ஏசி உதிரிபாகம் விற்கிற கடை ஒன்றில் என் பெரியப்பா மகள் சத்தியப்பிரியா வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் முகம் இல்லை. பெரிய மீசை வைத்த மெக்கானிக்குகள் வரிசையாக அவள் முன்னால் நின்று "ம்ம்ம்ம்ங்" என்று முனகுகிற காட்சிதான்.

அது அவளுடைய முறை. யார் வந்து "கம்ப்ரசர் ஓடலம்மா, ஒரு கெப்பாசிட்டர் குடு" என்று கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். "கம்ப்ரசர் எப்படிச் சத்தம் போடுது? போட்டுக் காட்டுங்க" என்பாள். முனகிவிட்டு 'டக்' என்று நின்றால் ஒரு சாமான். மூச்சே விடாமல் கிடந்தால் வேறொன்று. டர்ரென்று அடித்துக்கொண்டால் இன்னொன்று. வெட்கப்பட்டு நெளிகிறவர்களைப் பார்த்து, "நோவு என்னன்னு சொல்லாம மருந்து கேட்டா எப்படிண்ணே?" என்று கேட்பாள். அப்புறம் அவர்களும் சத்தம் போடுவார்கள்.

அவள் படித்தது பி.காம். கடையில் பில் போடத்தான் சேர்ந்தாள். வாங்கிப் போன சாமானையே திரும்பக் கொண்டுவந்து "இது சரியில்ல" என்று ஆட்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்து எரிச்சலாகி, ஒரு நாள் ஒரு மெக்கானிக்கிடம், "உங்க மெஷின் என்னதான் சொல்லுது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கத்தியிருக்கிறாள். அவர் பயந்துபோய் சத்தம் போட்டுக் காட்டினாராம். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம். ஒரு மெஷினைக்கூடத் திறந்து பார்க்காமல் எல்லா மெஷினின் நோவும் அவளுக்குப் பாடம்.

பாண்டீஸ்வரன் அத்தான் அந்த வரிசையில் வந்தவர்தான். தேவகோட்டைப் பக்கம், சொந்தமாக ஏசி வேலை செய்கிறவர். மற்றவர்கள் வேண்டா வெறுப்பாக ஒரு முனகல் முனகிவிட்டு நிற்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக் கச்சேரியே நடத்தினாராம். விசிறி சுற்றுவது, கம்ப்ரசர் கிளம்பப் பார்ப்பது, தடுமாறுவது, நிற்பது, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்பப் பார்ப்பது. கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். "அம்புட்டுப் பேர்ல அவுக ஒருத்தருதான்டி உண்மையாச் சத்தம் போட்டாக" என்று பிரியாக்கா என்னிடம் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது, விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று. அதற்கப்புறம் அவர் இல்லாத நோவுக்கெல்லாம் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் தெரிந்தபோது பெரிதாகக் குதித்தவர் பெண்ணைப் பெற்ற முத்தரசு பெரியப்பா இல்லை. அவர் தம்பி பூமிநாதன். "கவர்மென்ட் மாப்பிள்ளைக்கு ஆளா இல்ல? சுவத்துல ஏணி போட்டு ஏறுறவனுக்கா நம்ம வீட்டுப் பொண்ணு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அவர் என் அப்பா. வேறு யாராவதாக இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்து எழுதியிருப்பேன்.

பெரியப்பா குதிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அதோட இஷ்டம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நாள் குறித்தார், பத்திரிகை அடித்தார், எல்லாம் முறையாகச் செய்தார். ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிச்சயத்தன்று தன் கையாலேயே அவருக்குச் சோறு வைத்தார். "போதுமான்னு கேளு" என்று என்னைக் கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை எதிரே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

பிரியாக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "நான் இந்த வீட்ட விட்டுப் போறதுக்குள்ள அப்பா அவுகட்ட ஒரு வார்த்தை பேசிறணும் சினேகா. 'வாங்க'ன்னாக்கூடப் போதும்" என்று மருதாணி அரைக்கும்போது சொல்லி அழுதாள். எனக்குப் பெரியப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

பெரியப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பெரிய வீடு. சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியூர்களில். பங்காளிகளுக்குப் பங்கு பிரித்ததில் பங்குக்கு ஓர் அறை, ஒரு சாவி, ஒரு கரண்டு மீட்டர் என்று ஆகிவிட்டது. யாராவது வந்து தங்கிவிட்டுப் போனால், அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் பெரியப்பா போய் அந்தப் பங்கின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஆள் இல்லாத பங்கில் ஒரு யூனிட்கூட ஓடக் கூடாது. அங்கேயே முழு நாளும் கிடக்கிற மனிதர், தன் போனுக்குச் சார்ஜ் போடத் தன் வீட்டுக்கு நடந்து போவார். கேட்டால், "அவுக கரண்டு அவுகளுக்கு" என்பார்.

அந்த வீட்டில்தான் கல்யாணம். கோயம்புத்தூரில் இருக்கிற உமையாள் ஆச்சி போனில் கூப்பிட்டு, "நம்ம வீடு இருக்கையில எதுக்கு முத்தரசு மண்டபம்? கரண்டு எம்பங்குல எடுத்துக்க" என்று வற்புறுத்திச் சொன்ன பிறகே பெரியப்பா சம்மதித்தார். புது வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த ஏசியைப் பாண்டீஸ்வரன் அத்தான் கொண்டுவந்து, இரண்டாம் வாசல் என்கிற இரண்டாவது முற்றத்தை ஒட்டின நீள அறையில் மாட்டி, கம்ப்ரசர் இருக்கிற பெட்டியை வாசல் தரையில் வைத்தார். அக்கினி வெயிலில் விருந்தாளிகள் வெந்துபோகக் கூடாதாம்; கல்யாணம் முடிந்ததும் கழற்றிக்கொள்வாராம். அவர் மாட்டி முடிக்கிற வரை பெரியப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை? ம்ஹும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை இரண்டு வீட்டிலும் காப்புக் கட்டினார்கள். சென்னையிலிருந்து வந்து தன் பங்கில் தங்கியிருந்த, அந்த வீட்டுப் பங்காளி சொக்கு அண்ணன் பெண்ணை ஆசீர்வதித்துவிட்டு, அவசர வேலை என்று அப்போதே கிளம்பிப் போனார். பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் நீள அறையில் உருண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பத்திரிகையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஏசியில் காத்து வந்தது, குளிர் வரவில்லை.

என் அப்பாவுக்கு அவல் கிடைத்துவிட்டது. அறை நடுவில் நின்றுகொண்டு, "காத்து ஜம்முன்னு வருது. மாப்பிள்ளைக்கு ஃபேன் மாட்டத் தெரிஞ்சிருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? பெரியப்பா வாசல்படியில் நிற்பதைப் பார்த்துக் குரலை ஏற்றினார். "ஒரு ஏசிய ஒழுங்கா மாட்டத் தெரியல. இந்தக் கைய நம்பித்தான் நம்ம பொண்ணப் பிடிச்சுக் குடுக்கப் போறோம்ணே!"

 பெரியப்பா ஏசியை நிமிர்ந்து பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பிரியாக்கா முகம் செத்துவிட்டது. என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தன் பையைக் கொட்டி, கரண்டை அளக்கிற கை மீட்டர் ஒன்றை எடுத்தாள். நிச்சயத்துக்கு அத்தான் மோதிரம் போட்டது ஊருக்கே தெரியும். அதே நாளில் ரகசியமாக ஒரு மீட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அது யாருக்கும் தெரியாது. மூலையில் அவர் விட்டுப்போன ஆயுதப் பை கிடந்தது. காரைக்குடி முழுக்க மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் மே மாதம், எல்லாரும் யார் வீட்டு மாடியிலோ. பிரியாக்கா மருதாணிக் கையால் போனை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் மேளச்சத்தம் காதைக் கிழித்தது. விஷயத்தைக் கேட்டதும் அத்தான், "நான் வர்றேன், வண்டிய எடுத்தா வந்துருவேன்" என்றார். அவர் அம்மா பின்னாலிருந்து போட்ட சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. "காப்புக் கட்டுன கையோட வாசப்படியத் தாண்டிருவியா நீ? தாண்டு பாப்போம்!"

ஆக, அவர் அங்கே. மெஷின் இங்கே. நடுவில் ஒரு போன்.

"சரி, பதறாத. கம்ப்ரசர் எப்படிச் சத்தம் போடுது?" என்றார்.

பிரியாக்கா வாசலுக்கு ஓடி, வெளியே இருந்த பெட்டியருகில் போனைப் பிடித்தாள்.

"மேளந்தான் கேக்குது. நீ போட்டுக் காட்டு."

சுற்றிலும் அத்தைகள், சித்திகள், சமையல்காரர்கள். கழுத்தில் மாலை ஏறப்போகிற பெண், கையில் காப்பு, கண்ணில் மை. ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்ம்ம்ம்ங்ங்ங்... டக்!" என்றாள்.

இரண்டாம் வாசலே அடங்கிப்போனது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை ஒருத்தி, "பொண்ணுக்கு என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "நோவுக்கு மருந்து பாக்குது அத்த, நீங்க துருவுங்க" என்றேன்.

"கெளம்பப் பாத்து முடியாம நின்னுருது. கெப்பாசிட்டரப் பாத்துருவோம். மொதல்ல கரண்ட அணை. அணைச்சாச்சுன்னு மீட்டர் சொன்னாத்தான் கைய வைக்கணும், நீயா முடிவு பண்ணக் கூடாது. ரப்பர் செருப்புப் போட்டிருக்கியா?" என்றார் அத்தான்.

என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை மட்டுமே கேட்டவள், முதல் தடவையாக உள்ளே பார்க்கிறாள்! "ஏய், எல்லாம் நம்ம கடைச் சாமான்டி!" என்று பூரித்துப் போனாள். கெப்பாசிட்டரில் தங்கியிருந்த கரண்டை அவர் சொன்னபடி இறக்கிவிட்டு அளந்தாள். மேலே எழுதியிருந்த அளவு அப்படியே காட்டியது. பழுதில்லை. கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் மாற்றி மாற்றி அளந்து, அளவுகளைச் சொல்லச் சொல்ல, அவர் "சரி, சரி, சரி" என்றார். கம்ப்ரசரும் கல்லு மாதிரி இருந்தது. மூடியைப் போட்டு, மறுபடி கரண்டைப் போட்டு, நீள அறையின் சுவிட்ச் போர்டில் வருகிற கரண்டை அளந்தாள். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். அதிலும் குறையில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட மாட்டேன் என்கிறது. எனக்கே அந்த ஏசிப் பெட்டியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. என் அப்பா வேறு இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து, "பொண்ணு பாக்குற வேலையா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து நடந்ததை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கண்டுபிடித்தது நான். கம்ப்ரசர் முனகுகிற ஒவ்வொரு தடவையும் நீள அறையின் குண்டு பல்பு மங்கியது. திரும்பிப் பார்த்தால் முகப்பில் போட்டிருந்த சீரியல் விளக்குகள் கொஞ்சமும் மங்கவில்லை. இரண்டும் ஆச்சி பங்குக் கரண்டுதான்.

"அக்கா, உள்ள இருக்கிற லைட்டு மட்டும் அழுகுது!" என்று கத்தினேன்.

 "பிரியா, சும்மா இருக்கையில பாக்காத. அது கெளம்பப் பாக்குறப்ப மீட்டரப் பாரு" என்றார் அத்தான். குரல் மாறிவிட்டிருந்தது.

அவள் மீட்டரை வைத்துக்கொண்டு நின்றாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஏசிகள் உடனே கிளம்பாது, கொஞ்ச நேரம் யோசிக்கும். அது யோசித்த நேரத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. முனகல் கேட்டது. இருநூற்று இருபத்தெட்டு சட்டென்று நூற்று முப்பதுக்கு விழுந்தது.

"நூத்தி முப்பது! நூத்தி முப்பதுங்க!"

"விழுகுதா! கம்ப்ரசர் நல்லாருக்கு பிரியா! கரண்டு வர்ற வழிதான் கெட்டிருக்கு!" அங்கே அவர் குதித்தது இங்கே கேட்டது. இவள் இங்கே குதித்தாள். முனகல் நின்று, ஏசி மறுபடி யோசிக்க ஆரம்பித்தது. அவர் ஏதோ சொல்ல வந்து, திடீரென்று நிறுத்தினார்.

"இரு இரு. வெளிப் பெட்டிகிட்ட யாராச்சும் நிக்குறாகளா? அந்தத் தகரத்த ஒருத்தரும் தொடக் கூடாது! மெயின அணை, ஓடு!"

பிரியாக்கா மெயினுக்கு ஓடினாள். நான் வாசலுக்கு ஓடினேன். அப்போதுதான் கழுவிவிட்ட கல்தரை, முழுக்க ஈரம். பெரியப்பா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் மேல் யாரோ வைத்திருந்த பித்தளைச் சொம்பை எடுக்கக் கை நீட்டியிருந்தார். பெட்டி முனக ஆரம்பித்தது.

"பெரியப்பா! தொடாதீக!"

நான் அப்படி ஒரு சத்தம் என் வாழ்க்கையில் போட்டதில்லை. அவர் கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதற்குள் பிரியாக்கா மெயினை அணைத்துவிட்டாள். முனகல் அறுந்தது. 

எல்லாரையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு இன்னொரு தடவை ஓடவிட்டார்கள். மீட்டரின் ஒரு கம்பி பெட்டியின் தகரத்தில், இன்னொன்று ஆச்சி பங்குப் பெட்டியிலிருந்து இழுத்துவந்த ஒரு துண்டு வயரில். முனகல் வந்ததும் தகரத்தில் தொண்ணூறு வோல்ட்டைத் தாண்டியது. ஈரத்தில் நின்ற பெரியப்பாவின் கை போன தகரம் அது.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "பிரியா, இன்னைக்கு உங்கப்பா அந்த வீட்ல எதையாச்சும் அணைச்சாரா?"

பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கேக்குறவுகட்டச் சொல்லு தாயி, சொக்கு அண்ணன் கார் கெளம்புனதும் அவுக பங்கு மெயின அணைச்சேன்னு" என்றார். இப்போதும் மகளிடம்தான்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். போன கரண்டு திரும்பி வர ஒரு கம்பி வேண்டும், நியூட்ரல் என்கிறார்கள். நீள அறையின் நியூட்ரல் எந்தக் காலத்திலோ சொக்கு அண்ணன் பங்கு வழியாகப் போகிற மாதிரி இழுக்கப்பட்டிருந்தது. பெரியப்பா அந்த மெயினை அணைத்ததும் வழி அடைபட்டது. நீள அறையின் சுவிட்ச் போர்டுக்குள் யாரோ ஒரு புண்ணியவான் நியூட்ரலையும், மண்ணுக்குள் இறங்குகிற எர்த் கம்பியையும் சேர்த்து முறுக்கியிருந்தான். கரண்டு மண் வழியாகத் திரும்பப் பார்த்தது. பல்புக்கும் விசிறிக்கும் அந்த ஒற்றையடிப் பாதை போதும். கம்ப்ரசர் இழுக்கிற இழுப்புக்குப் போதாது. முட்டிக்கொண்டு நின்ற கரண்டு, எர்த் வயர் பிடித்துப் பெட்டியின் தகரத்துக்கு வந்துவிட்டது.

மாட்டின அன்றைக்கு அத்தான் அந்தப் போர்டைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த நியூட்ரல் யார் மீட்டருக்குப் போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு வீடு, ஒரு கரண்டு என்று நினைத்துவிட்டார். செட்டிநாட்டில் பிறந்தவர் நினைக்கலாமா? எதிர்க் கதவில் பிரியாக்கா நின்றுகொண்டிருந்தாள், அதுதான் காரணம். இது என் கணிப்பு.

பிரியாக்கா போனை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். நானும் போனேன், அவள் விரட்டவில்லை.

"இப்ப சொக்கு அண்ணன் பங்கு மெயினப் போட்டா ஏசி ஓடும்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓடும். தகரத்துக்கும் கரண்டு வராது."

"அப்பப் போட்டுருவோம்ங்க. மெயின அணைச்சதால நின்னுச்சுன்னு சொல்லிக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு நீங்க வந்து கமுக்கமா மாத்திருங்க. சித்தப்பா வாய்க்கு இன்னும் அவல் போட வேணாம். அப்பா முன்னாடி வேணாம்ங்க..."   நானாக இருந்தால் அந்த நொடியே ஓடிப்போய் மெயினைப் போட்டிருப்பேன்.



"போட்டா, உங்கப்பா அதை அணைக்காம விடுவாரா?" என்று கேட்டார் அத்தான்.

பிரியாக்கா தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்தவுக பங்குல பொழுது சாயிற வரைக்கும்கூட கரண்ட ஓட விட மாட்டாரு. நமக்குத் தெரியாம அணைச்சிருவாரு. நாளைக்குக் கல்யாண வீடு, அம்புட்டுப் புள்ளைக ஈரத்துல ஓடும். இன்னைக்கு அவுக கை போன எடத்துல நாளைக்கு எந்தக் கை போகும்? ஸ்பீக்கர்ல போடு பிரியா."

அவள் போடவில்லை. நான் வாங்கிப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எல்லாரும் நிற்கிற இடத்துக்கு வந்தோம். போனிலிருந்து அத்தான் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "மாமா, அங்குட்டு இருக்கீகளா? தப்பு என்னோடது. நீங்க மெயின அணைச்சதுல ஒரு தப்பும் இல்ல. அந்த நியூட்ரல் யார் பங்குன்னு பாக்காம மாட்டிட்டுப் போனது நான்தான். நீங்க தொட்டிருந்தா..."  இருமினார். "இப்ப சரி பண்ணிறலாம் மாமா. பிரியா பண்ணிரும். நான் சொல்றேன்."

என் அப்பா கையைத் தட்டாத குறை. "பாத்தீகளாண்ணே? அவுக வாயாலேயே ஒத்துக்கிட்டாக! நான் அன்னைக்கே சொன்னேன்ல..."

"பூமி, நீ போயி பந்திக்கு எலை வந்துருச்சான்னு பாரு" என்றார் பெரியப்பா. சத்தமில்லாமல்தான் சொன்னார். என் அப்பா போய்விட்டார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். போனை அணைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பிரியாக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் போனை வாங்கி, மகள் காதுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார். இன்னொரு கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டார். ஏணியைப் பிடித்த அதே நிற்பு.

வேலை ஆரம்பித்தது. என்ன வேலை! மொத்தக் கரண்டையும் அணைத்தாயிற்று, சமையல்காரர்கள் முணுமுணுத்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்தான் சொல்லச் சொல்ல, பிரியாக்கா முறுக்கிக் கிடந்த நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்தாள். ஆயுதப் பையிலிருந்த வயர்ச் சுருளை அவிழ்த்து, ஆச்சி பங்கு மீட்டர் பெட்டியிலிருந்து முற்றத்து ஓரமாக நீள அறை வரை புதுக் கம்பி இழுத்தோம். பழைய முனையை டேப் சுற்றி மூடினாள். மருதாணி உதிர்ந்தது, காப்புக் கயிற்றில் கரி ஏறியது, முடி கலைந்தது. "எந்தப் பக்கம் இறுக்கணும்?" "அங்குட்டுத் திருப்பு." "வரலீங்க." "வரும், அழுத்திப் பிடி." கல்யாணத்துக்கு முதல் நாள் இவ்வளவு நேரம் பேசிக்கொண்ட மாப்பிள்ளையும் பெண்ணும் இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்கள். அதுவும் பெண்ணின் அப்பா போனைப் பிடித்துக்கொண்டிருக்க.

பெரியப்பா ஒவ்வொரு திருகுக்கும் டார்ச்சைச் சரியாகக் காட்டினார். வாய் மட்டும் திறக்கவில்லை.

கடைசியில் கரண்டு வந்தது. எல்லாரும் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றோம். ஏசி யோசித்தது. யோசித்தது. தேங்காய் துருவின அத்தை, "மாரியாத்தா, ஓட வச்சிரு" என்று கும்பிட்டாள். பிரியாக்கா மீட்டரைப் பார்த்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

'டக்'. ஒரு நொடி. அப்புறம் வெளியே பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தடுமாறவில்லை, நிற்கவில்லை. தகரத்தில் மீட்டர் முட்டையைக் காட்டியது. உள்ளே பல்பு ஒரு தடவை கண்ணடித்துவிட்டு நின்று எரிந்தது. "குளுருதுடி!" என்று நீள அறையிலிருந்து யாரோ கத்த, பிள்ளைகள் எல்லாம் ஒரேடியாக உள்ளே பாய்ந்தார்கள். நான் பிரியாக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"என்னாச்சு? பிரியா? ஓடுச்சா? இங்க மேளத்துல ஒண்ணும் கேக்கல! எப்படிச் சத்தம் போடுது? போட்டுக் காட்டு!"

அத்தான் கத்திக்கொண்டே இருந்தார். பிரியாக்காவால் முடியவில்லை. வாயைத் திறந்தால் விம்மல்தான் வந்தது. போன் பெரியப்பா கையில்.

பெரியப்பா அந்தப் போனைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். பெட்டிப் பக்கம் தலையைச் சாய்த்து, அது ஓடுகிற சத்தத்தைக் கவனமாகக் கேட்டார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"உர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்..."

மூச்சு முடிகிற வரை போட்டார். உண்மையாகப் போட்டார். பிரியாக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 அப்புறம் அத்தான் குரல், ரொம்ப மெதுவாக. "மாமா?"

"ம்."

"நல்லா ஓடுது மாமா."

"ஓடுது மாப்ள" என்றார் பெரியப்பா. "காலையில வெள்ளன வந்துருங்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் மேல் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார்.